துருவைத் தேய்க்கும் முன்

பரணிலிருந்தோ பழைய இரும்புக் கடையிலிருந்தோ ஓர் அரிக்கேன் விளக்கு கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது உப்புத்தாளை. கொஞ்சம் பொறுங்கள். அதன் தகரம் எந்த உலோகத்தைப் போர்த்தியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது மெல்லிய இரும்புத் தகடு. அதன் மேல் வெள்ளீயமோ துத்தநாகமோ பூசியிருப்பார்கள். நிறத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், குணம் நேரெதிர். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும். பூச்சில் கீறல் விழுந்தாலும் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். வெள்ளீயமோ முழுசாக இருக்கும்வரைதான் காவல். கீறிவிட்டால், ஈரம் பட்டதும் எலக்ட்ரான்களை இழப்பது இரும்பு. பூச்சே இல்லாத இரும்பைவிட அந்த இடம் வேகமாகத் துருப்பிடிக்கும். வெள்ளீயத் தகட்டை முரட்டு உப்புத்தாளால் தேய்ப்பது துருவுக்கு வெற்றிலை பாக்கு வைப்பதுதான். பழைய பற்றவைப்பிலும் பெயின்டிலும் காரீயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியைச் சுவாசிப்பதும் ஆபத்து.

வினிகர், சிட்ரிக் அமிலம், புளிக்கரைசல் மூன்றும் துருவைக் கரைக்கும். ஆனால் மிச்சமிருக்கும் துத்தநாகத்தையும் அமிலம் விட்டுவைக்காது. பூச்சு ஓரளவு நன்றாக இருந்தால் சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷுமே போதும்.

பூச்சு அடியோடு போய்விட்ட விளக்குக்கு மின்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசல். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனை விளக்கில், நேர்முனை ஓர் இரும்புத் துண்டில். துரு இளகி உதிரும்; நல்ல இரும்பு கரையாது. நேர்முனைக்கு எவர்சில்வர் கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரைசலில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். எப்படிச் செய்தாலும் ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் திறந்தவெளியில் செய்யுங்கள்.

மூலைமுடுக்கில் ஒட்டிக்கொண்ட துருவுக்குக் கடுக்காய்க் கஷாயம் தடவலாம். கடுக்காயின் டானின் துருவோடு சேர்ந்து நீரில் கரையாத கருஞ்சேர்மமாகிறது. கலம்காரித் துணியின் கறுப்புக் கோட்டுக்கும் இதே வேதியியல்தான்: கடுக்காய் ஏற்றிய துணியில், துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்த கரைசலால் வரைகிறார்கள். கறுத்த இடம் காய்ந்ததும் பிரைமர் அடித்துவிட வேண்டும். கடுக்காய் மட்டும் மழைக்குத் தாங்காது.

இனி மண்ணெண்ணெயா, எல்.இ.டி.யா? இதை முடிவு செய்வது பக்கவாட்டுக் குழாய்கள். அவை வெறும் சட்டம் அல்ல. அமெரிக்கரான ஜான் இர்வின் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த அமைப்பு அது. சுடருக்கு வேண்டிய காற்று அந்தக் குழாய்கள் வழியே கீழிறங்குகிறது. அதனால்தான் பலத்த காற்றிலும் சுடர் அணைவதில்லை. குழாயைத் துரு ஓட்டை போட்டிருந்தால் சுடர் துடித்துப் புகையும். அந்த விளக்கு எல்.இ.டி.க்குத்தான் லாயக்கு.

அதில் நட்டமும் இல்லை. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் இருக்கிறது. சிறிய அரிக்கேன் மணிக்கு 20 மில்லி எரித்தால், சுமார் 200 வாட் செலவாகிறது. அது தரும் வெளிச்சத்தை ஒரு வாட் எல்.இ.டி. எளிதாக மிஞ்சிவிடும். சுடரின் ஒளி, அதற்குள் தகிக்கும் கரித்துகள்களின் ஒளி. ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது.

எல்.இ.டி. வாங்கும்போது 2200 கெல்வின் என்று கேளுங்கள். சுடரின் மஞ்சள் கிட்டத்தட்ட அதுதான். 6500 கெல்வின் வெள்ளையைப் போட்டால் அரிக்கேன், மருந்துக்கடை டியூப்லைட் ஆகிவிடும். ஒயரைத் திரி நுழையும் பிளவு வழியாகவே கொண்டுபோகலாம். பேட்டரி வெளியே ஒரு சிறு பெட்டியில் இருக்கட்டும்.

தொட்டியில் மட்டும் துளை போடாதீர்கள், சூடு வைத்துப் பற்றவைக்கவும் வேண்டாம். காலியாகத் தெரியும் தொட்டியின் மடிப்புகளில் மண்ணெண்ணெய் தங்கியிருக்கும். சூடேறினால் அதன் ஆவி தீப்பிடிக்கும்.