மார்கழிக் குளிரும் தூண்டிலும்: மாத்தளையில் எந்த நீருக்கு எந்தக் கருவி?

மார்கழியில் மாத்தளை மாவட்டத்தை ஒரே நாளில் சுற்றி வருபவருக்கு இரண்டு விதமான உடுப்புத் தேவைப்படும். காலையில் சீகிரியாவில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு படியேறியவர், பின்னேரம் இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் மேட்டுக்குப் போனால் காதை மூடத் துணி தேடுவார். தம்புள்ளைக்கு அருகிலுள்ள கண்டலம குளம் கடல்மட்டத்திலிருந்து 200 மீற்றருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. ரிவஸ்டன் சுமார் 1,400 மீற்றர் உயரம். ஒவ்வொரு 100 மீற்றர் ஏறும்போதும் சராசரியாக 0.65 பாகை செல்சியஸ் குறையும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தால், இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறக்குறைய எட்டு பாகை வித்தியாசம் வந்துவிடுகிறது. அதற்குமேல் காற்று, அதற்குமேல் தூறல்.

தூண்டிலோடு புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கடையில் பளபளக்கும் ஒரு கம்பையும் சக்கரத்தையும் வாங்கிவிட்டால் எந்தத் தண்ணீரிலும் மீன் ஏறும் என்று நினைக்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்த காணொளிகளைப் பார்த்து, அங்குள்ள பனிக்காலத்துக்கான யோசனைகளை இங்கே கொண்டுவருபவர்களும் உண்டு. அந்த யோசனைகளில் பல ட்ரவுட் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு உரியவை. இலங்கையில் ட்ரவுட் என்றால் அது நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் கதை. வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவந்து விட்ட அந்த மீனுக்காக 1896இல் ‘சிலோன் பிஷிங் கிளப்’ என்ற கழகமே அமைந்தது. மாத்தளையின் குளங்களில் வாழ்வது வெப்பமண்டல மீன்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

மார்கழி முதல் மாசி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு அதை நேருக்கு நேர் மறிக்கிறது. அதனால் லக்கல, இலுக்கும்புர, பிட்டவல பத்தனைப் பகுதிகளில் மழையும் மூடுபனியும் பலத்த காற்றும் ஒன்றாகச் சேர்கின்றன. நுவரெலியாவைப் போல இங்கே புல்லில் உறைபனி படிவதில்லை. ஆனால் நனைந்த உடம்பைக் காற்று அடிக்கும்போது, வெப்பமானி காட்டும் பாகை ஒன்றாகவும் உடம்பு உணரும் குளிர் வேறாகவும் இருக்கும்.

உறைபனி இல்லாத நாட்டிலும் குளிர் உயிரைக் குடிக்கும் என்பதை 2022 டிசம்பர் காட்டியது. ‘மாண்டஸ்’ புயல் வங்காள விரிகுடாவைக் கடந்த நாட்களில், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. திறந்த வெளியில் மழையில் நனைந்தபடி, விடாது வீசிய குளிர்காற்றில் நின்ற கால்நடைகள் அவை. பனி விழாத சமவெளியிலேயே ஈரமும் காற்றும் சேர்ந்து அதைச் செய்தன என்றால், மலைச் சரிவில் சொல்லவேண்டியதில்லை.

மீனும் குளிரும்

மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டைத் தொட்டே ஏறி இறங்கும். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசி குறையும், இரையைத் துரத்தும் வேகமும் குறையும். இலங்கைக் குளங்களில் அதிகம் பிடிபடும் திலாப்பியா ஆபிரிக்காவிலிருந்து வந்த இனம். தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போனால் அது முட்டையிடுவதை நிறுத்திக்கொள்ளும். 16 பாகையளவில் இரை எடுப்பதையும் ஏறக்குறைய விட்டுவிடும். 10, 12 பாகைக்குக் கீழே நீண்ட நேரம் தாங்காது.

கண்டலம, தேவகுவ, வெமெடில்ல போன்ற தாழ்நிலக் குளங்களில் தண்ணீர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. அப்படியென்றால் மார்கழியில் தூண்டில் ஏன் சும்மா கிடக்கிறது? காரணம் பெரும்பாலும் நீர்மட்டம். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி, மீன்கள் ஒரு சிறிய பரப்பில் நெருங்கிக் கிடக்கும். வலைக்கும் தூண்டிலுக்கும் எளிதில் அகப்படும். மார்கழி மழையில் குளம் நிரம்பியதும் அதே மீன்கள் பல மடங்கு பரப்பில் சிதறிவிடுகின்றன. புதிதாக நீரில் மூழ்கிய புல்வெளிக்குள் புகுந்து, அங்கே கிடைக்கும் தீனியை மேய்கின்றன. ஓடைகள் கொண்டுவரும் செம்மண் கலங்கலில், கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீனுக்குத் தூண்டில் இரை தெரிவதும் இல்லை.

இதற்கு ஏற்ற தந்திரம் எளிமையானது. விடியற்காலைப் பனியில் போய் நடுங்கிக்கொண்டு நிற்பதைவிட, வெயில் ஏறி மேல்நீர் சூடாகும் முற்பகலில் போவது நல்லது. ஆழத்தை விட்டு, புல் மூழ்கிய ஆழமற்ற கரையோரங்களைத் தேட வேண்டும். கலங்கல் நீரில் மணமுள்ள இரை கைகொடுக்கும்.

தூண்டில் சாமான் தேர்வு

முதலில் மீனைத் தீர்மானிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முள். திலாப்பியாவின் வாய் சிறியது. பாசியையும் மக்கிய தாவரத் துணுக்குகளையும் மேய்ந்து தின்னும் வாய் அது. அதற்கு 8 அல்லது 10ஆம் இலக்கச் சிறிய முள் போதும். மண்புழுத் துண்டு, பிசைந்த கோதுமை மா, பாண் உருண்டை போன்றவை இரையாகும். முள்ளின் இலக்கம் கூடக்கூட அளவு சிறுக்கும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 10 என்பது 8ஐவிடச் சிறியது. 1ஐத் தாண்டி 1/0, 2/0 என்று வரும்போது கணக்கு திரும்பி, முள் பெரிதாகிக்கொண்டே போகும்.

விரால் வேறு சாதி. பதுங்கியிருந்து பாய்ந்து கவ்வும் கொலைமீன் அது. தாமரை இலைக்கும் புல்லுக்கும் நடுவே இருக்கும். அதற்கு 1/0 அளவிலான உறுதியான முள்ளும், புல்லில் சிக்கினாலும் இழுத்தெடுக்கக்கூடிய தடித்த நூலும், வளைந்து கொடுக்காத கம்பும் வேண்டும். திலாப்பியாவுக்கு வாங்கிய மெல்லிய நூலை விராலுக்குப் போட்டால், முதல் பாய்ச்சலிலேயே முள்ளும் போய் மீனும் போகும்.

நூலைப் பொறுத்தவரை, பெரும்பாலானோர் கையில் எடுப்பது தங்கூசி எனப்படும் ஒற்றை இழை நைலோன்தான். சுருளின் மேல் விட்டம் மில்லிமீற்றரிலும் அறுபடும் பாரம் கிலோகிராமிலோ இறாத்தலிலோ எழுதப்பட்டிருக்கும். அந்தப் பாரத்தை அப்படியே நம்பிவிடக்கூடாது. நைலோன் தண்ணீரை உறிஞ்சும்போது வலிமையில் ஒரு பங்கை இழக்கிறது. முடிச்சுப் போட்ட இடத்தில் இன்னும் ஒரு பங்கு போகிறது. வெயிலில் தொங்கவிட்ட சுருள் ஒரே பருவத்தில் நொய்ந்துவிடும். குளிரில் நைலோன் விறைத்து, சக்கரத்தில் சுற்றியிருந்த வளையமாகவே தண்ணீரில் மிதக்கும். போகும் முன் சில மீற்றர் நூலை இழுத்து நீட்டிவிட்டு, முடிச்சை எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்து இறுக்கினால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

தக்கையும் ஈயக்குண்டும் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவை. காற்று அடங்கிய வெயில் காலத்தில் மெல்லிய தக்கையே நல்லது. மீன் தொட்டாலும் அசைவு தெரியும். மார்கழிக் காற்றில் குளம் அலையடிக்கும்போது அதே தக்கை ஓயாமல் ஆடி ஏமாற்றும். அப்போது கொஞ்சம் கனமான ஈயம் போட்டு, தக்கையை அகற்றி, அடியில் கிடக்கவிட்டு, விரலால் நூலைத் தொட்டுப் பார்ப்பதே மேல்.

கம்பைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. கரையோரத் திலாப்பியாவுக்கு நேரான மூங்கில் கம்பு இன்றும் போதுமானது. தூரத்துக்கு எறிய வேண்டியவர்கள் மட்டும் சக்கரம் வைத்த பைபர் கம்புக்குக் காசு செலவழிக்கலாம்.

வலைக்குச் சட்டம் உண்டு

குளத்து மீன்பிடியில் தொழில் செய்பவர்களின் முதன்மைக் கருவி செவுள் வலை. இங்கே தேர்வு மீனவரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததில்லை. உள்நாட்டு நீர்நிலைகளில் போடும் செவுள் வலையின் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. கண்ணை இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளக்கும் அளவு அது. தங்கூசி வலை 2006 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. தூண்டிலில் கட்டும் தங்கூசி நூலுக்குத் தடை இல்லை. அதே இழையால் பின்னிய வலைக்குத்தான் தடை. நீரில் கண்ணுக்குத் தெரியாத அந்த வலை அறுந்து அடியில் தங்கினால், யாருக்கும் பயன்படாமல் மீன்களைக் கொன்றுகொண்டே இருக்கும். வெடியும் நஞ்சும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீர்வாழ் வளச் சட்டத்தின்படி குற்றம்.

இந்தக் கண் அளவுக்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. 1952இல் திலாப்பியா இலங்கைக் குளங்களில் விடப்பட்ட பிறகுதான் உள்நாட்டு மீன்பிடி ஒரு தொழிலாக வளர்ந்தது. 1990இல் அரசு அதற்குக் கொடுத்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டது; 1994இல் ஆதரவு திரும்பியது. இன்று தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை மீன்குஞ்சு உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறது. அதன் நிலையங்களில் ஒன்று தம்புள்ளையிலேயே உள்ளது. திலாப்பியா குளத்தில் தானே பெருகும். கட்லா, ரோகு போன்ற இந்தியக் கெண்டைகள் இலங்கைக் குளங்களில் தாமாகப் பெருகுவதில்லை. குஞ்சு விட்டால்தான் மீன். சிறுகண் வலை போடுகிறவர், தன் மீனவர் சங்கம் காசு கொடுத்து விட்ட குஞ்சையே அரித்தெடுக்கிறார்.

தூண்டில் போடக்கூடாத நீர்

மாத்தளையின் மிக அழகான நீரோடைகள் நக்கிள்ஸ் சரிவுகளில் இருக்கின்றன. அங்கே தூண்டிலைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியானது. அம்பன் கங்கை, களு கங்கைத் தண்ணீரில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. பாறையில் படிந்த பாசியை மேயும் ‘லேபியோ ஃபிஷெரி’, 1985இல் அறிவியலுக்கு அறிமுகமான ‘டாகின்சியா சிறிலங்கென்சிஸ்’, 1991இல் விவரிக்கப்பட்ட மார்டென்ஸ்டைன் கெண்டை ஆகியவை அவற்றுள் சில. இவற்றின் வாழிடம் ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது. மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் திறக்கப்பட்டது. களு கங்கை நீர்த்தேக்கத்தில் பழைய பல்லேகம ஊரே மூழ்கியது. ஓடும் நீருக்குப் பழகிய மீன்கள் பல தேங்கிய நீரில் வாழ்வதில்லை.

உடம்பைக் காப்பது

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மலைக் குளிரைத் தலைமுறையாக அறிந்தவர்கள். கம்பளியையோ சாக்கையோ மடித்துத் தலையில் கொங்காணி போட்டு, இடுப்பில் படங்கு கட்டி வேலை செய்த முறையில் ஒரு அறிவு இருக்கிறது. தலையையும் முதுகையும் நனையவிடாதே என்பதுதான் அது. தூண்டில்காரருக்கும் அதுவே பொருந்தும். பருத்திச் சட்டை நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்து உடம்பைக் குளிரவைக்கும். கம்பளியோ செயற்கை இழைத் துணியோ உள்ளே, காற்றும் மழையும் புகாத மேற்சட்டை வெளியே என்று போடுவதே சரி. தண்ணீர் அதே வெப்பநிலையிலுள்ள காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஆகவே ஓடைக்குள் நின்று மணிக்கணக்காகத் தூண்டில் போடுவது வீரம் இல்லை.

நடுக்கம் அடங்காமல் தொடர்வது, விரல்கள் முடிச்சுப் போட மறுப்பது, பேச்சுக் குழறுவது ஆகியவை உடம்புச் சூடு ஆபத்தாகக் குறைவதன் அடையாளங்கள். உடனே ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் சீனி போட்ட சூடான தேநீர் கொடுக்க வேண்டும். குளிருக்குச் சாராயம் மருந்து என்ற நம்பிக்கை பொய். மது தோலுக்கடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளேயிருக்கும் சூட்டை வெளியே விடுகிறது. சூடேறுவது போலத் தோன்றும், உடம்போ குளிர்ந்துகொண்டிருக்கும்.

குளிரைவிட மாத்தளையில் அஞ்ச வேண்டியது எலிக்காய்ச்சல். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய நோய்ப்பரவலில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர், காலிலுள்ள வெடிப்பு வழியாகவோ முள் குத்திய காயம் வழியாகவோ நோயைக் கொண்டுவரும். மழைக்காலத்தில் வயலோரமும் குளத்தோரமும் இறங்கி நிற்பவர்கள், டொக்சிசைக்கிளின் தடுப்பு மருந்து பற்றிப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் தசை வலியும் கண் சிவப்பும் வந்தால், வீட்டு மருந்தோடு நிறுத்திவிடாமல் வைத்தியசாலைக்குப் போய், தண்ணீரில் நின்றதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

புறப்படும் முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள். மலையில் பெய்யும் மழை கீழே வானம் வெளித்திருக்கும்போதே ஓடையைப் பெருக்கிவிடும். நீர்த்தேக்கத்தின் வான்கதவு திறந்தாலும் அப்படித்தான். கண்டலமக் கரையில் மூடுபனி விலகும்வரை இறங்க வேண்டாம். அது யானை நடமாடும் இடம். எந்தக் குளமானாலும் முதலில் அங்குள்ள மீனவர் சங்கத்தில் அனுமதி கேளுங்கள். என்ன மீன் ஏறுகிறது, எந்த இரைக்கு ஏறுகிறது என்று அவர்களே சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகு கடைக்குப் போனால், வாங்க வேண்டிய சாமான் பாதியாகக் குறைந்துவிடும்.