தட்டைப் பாதத்துக்குக் கத்தி தேவையா?

நீச்சல் குளத்திலிருந்து ஏறி வருவோரின் ஈரப் பாதச் சுவடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? பலரது சுவட்டில் உட்பக்கம் பிறை வடிவில் வெற்றிடம் இருக்கும். சிலரது சுவட்டிலோ முழுப் பாதமும் பதிந்திருக்கும்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மாணவர் ஒருவரின் சுவடு இரண்டாவது வகை. நண்பர்கள் ‘வாத்துக் கால்’ என்று கேலி செய்ததில் அவர் மனம் நொந்திருந்தார். “சார், அறுவை சிகிச்சை செய்தால்தான் நான் கால்பந்து விளையாட முடியுமா?” என்று கேட்டார்.

அவரை எழுந்து நிற்கச் சொல்லி, கால் பெருவிரலை மட்டும் மெல்ல மேலே தூக்கினேன். தட்டையாக இருந்த உள்ளங்காலில் வளைவு தோன்றியது! நுனிக்காலில் நின்றபோதும் அது தெரிந்தது. இப்படி, எடை இறங்கும்போது மறைந்து மீண்டும் திரும்பும் வளைவு உள்ள பாதமே ‘நெகிழ்வுத் தட்டைப் பாதம்’.

வாளி தூக்கும் கயிறு

நம் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. குதிகாலிலிருந்து விரல்கள்வரை வலுவான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பெருவிரல் மேலே மடங்கும்போது, உருளையில் கயிறு சுற்றிக்கொள்வதுபோல அந்தப் பட்டை விரலின் அடிமூட்டைச் சுற்றி இழுபடுகிறது. குதிகாலும் முன்பாதமும் நெருங்க, நடுவே வளைவு எழுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஹிக்ஸ் 1954ல் இதை விளக்கினார். தரையில் ஊன்றும்போது நெகிழ்ந்து அதிர்ச்சியைத் தாங்கும் பாதம், உந்தி எழும்போது விறைப்பான நெம்புகோலாக மாறுவது இதனால்தான்.

காலணிக்கும் பங்கு உண்டா?

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடுவரை பக்தர்கள் வெறுங்காலுடன் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தினமும் வெறுங்காலுடன் நடந்தால் பாதம் எப்படி இருக்கும்? இந்தியாவில் ராவ், ஜோசஃப் ஆகிய இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயதுவரையுள்ள 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992ல் முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. காலணி மட்டுமே காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், வளரும் பாதத்துக்குத் தசை வேலை தேவை என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

ஒரு சென்டிமீட்டரின் வலிமை

வலி இல்லாத நெகிழ்வுத் தட்டைப் பாதத்துக்குப் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம். வலி இருந்தால் கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி, பொருத்தமான காலணி, உள்ளங்கால் தாங்கி ஆகியவையே முதல் படி. இவற்றாலும் வலி தீராத சிலருக்கு மட்டும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

அதில் என்ன நடக்கிறது? தட்டைப் பாதத்தில் குதிகால் எலும்பு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் தரை மேல்நோக்கித் தரும் விசை கணுக்காலின் நடுக்கோட்டுக்கு வெளியே விழுந்து, பாதத்தை மேலும் உட்பக்கம் சரிக்கிறது. ஒரு முறையில் குதிகால் எலும்பை வெட்டி, சுமார் 1 செ.மீ. உட்பக்கம் நகர்த்திப் பொருத்துகிறார்கள்.

அவ்வளவு சிறிய நகர்வு போதுமா? கணக்குப் போடுவோம். 50 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது தரை தரும் விசை சுமார் 500 நியூட்டன். திருப்புத்திறன் என்பது விசையைத் தூரத்தால் பெருக்கி வருவது: 500 × 0.01 = 5 நியூட்டன் மீட்டர். நாளுக்கு ஆயிரக்கணக்கான அடிகள், ஒவ்வோர் அடியிலும் இந்த மாற்றம்!

இன்னொரு முறையை டில்வின் எவன்ஸ் 1975ல் விவரித்தார். குதிகால் எலும்பின் முன்பகுதியை வெட்டி, இடையில் ஆப்பு போன்ற எலும்புத் துண்டைச் செருகிப் பாதத்தின் வெளிப்பக்கத்தை நீளமாக்குவார்கள். எம்ஆர்டி பாதை வளையும் இடத்தில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளம் அல்லவா? அதேபோல வெளிப்பக்கம் நீண்டதும் முன்பாதம் உட்பக்கம் திரும்புகிறது. சரிந்த வளைவும் எழுகிறது.

என் மாணவருக்கு வலி இல்லை. பாதத்தைப் பரிசோதித்த மருத்துவரும் விளையாடத் தடையில்லை என்றார். இப்போது அவர் பள்ளி அணியில் இருக்கிறார்.

இன்று குளித்துவிட்டு வரும்போது உங்கள் சுவட்டைப் பாருங்கள். பெருவிரலைத் தூக்கியும் சோதியுங்கள். வளைவு திரும்பாமல் பாதம் விறைப்பாக இருந்தாலோ, வலித்தாலோ, ஒரு பாதம் மட்டும் தட்டையாகி வந்தாலோ பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, சுவடு எப்படி இருந்தாலும் தாராளமாக ஓடுங்கள்!