தந்தை சிறையில், பிள்ளை ஊரில்

குற்றம் புரிந்தவருக்குத் தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. அத்தண்டனையில் ஒரு பங்கை அவருடைய பிள்ளைக்கும் அளிக்கும் வேலையை ஊரார் மேற்கொள்ளலாமா? ஊராட்சி உறுப்பினர்கள் இதனைச் சிறிது சிந்திக்க வேண்டும்.

எங்கள் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில், தாயை இழந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டியிடம் வளர்ந்து வருகிறாள். சிறைக்குச் சென்ற தந்தை வெளிநாட்டில் இருப்பதாகப் பாட்டி கூறியிருந்தார். பள்ளியில் ஒரு சிறுவன் உண்மையைச் சொல்லி ஏளனம் செய்தான். அன்று முதல் அவள் பள்ளிக்குச் செல்ல மறுத்தாள். மனம் கலங்கிய பாட்டி, பேத்தியை அழைத்துக்கொண்டு மூன்று பேருந்துகள் மாறி மத்திய சிறைக்குச் சென்றார். கையில் அடையாள அட்டை இல்லை. அது சந்திப்புக்குரிய நாளும் அன்று. தந்தையைக் காணாமலே இருவரும் திரும்பினர். விதிகளை முன்னரே எடுத்துரைக்க ஊரில் ஒருவரும் இல்லாததே குறை.

இக்குறையைப் போக்க ஊராட்சி செய்யக் கூடியவை பல.

முதலாவது, உண்மை. பிள்ளையின் வயதுக்கேற்ற சொற்களில் உண்மையைக் கூறுமாறு வீட்டாருக்கு எடுத்துரைக்க வேண்டும். பள்ளியில் ஏளனம் நேராதவாறு தலைமையாசிரியரிடமும் பேச வேண்டும்.

இரண்டாவது, சந்திப்பு. நம் மக்கள் இதனை ‘மனு பார்ப்பது’ என்பர். சந்திப்பு நாள், நேரம், தேவையான சான்றுகள் ஆகியவற்றை ஊராட்சிச் செயலர் சிறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து சொல்லலாம். நேரில் செல்ல இயலாதவர்கள் ‘இ-முலாகாத்’ என்னும் இணையவழி ஏற்பாட்டின் மூலம் காணொளிச் சந்திப்புக்கு விண்ணப்பிக்கலாம். எழுதத் தெரிந்த பிள்ளை கடிதம் எழுதட்டும். ஆயின், அத்தந்தையால் துன்புற்ற பிள்ளையை வற்புறுத்துதல் கூடாது.

தாய் சிறையில் இருப்பின், ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் நெறி வகுத்தது. அதன் பின் அரசு இல்லத்தில் வளரும் குழந்தை, வாரம் ஒரு முறையேனும் தாயைக் காண வேண்டும் என்பதும் அந்நெறியே.

மூன்றாவது, பொருளுதவி. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில், பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் சிறையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்க வகையுண்டு. ஊராட்சித் தலைவரைத் தலைவராகக் கொண்ட கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு, இத்தகைய பிள்ளைகளைக் கண்டறிந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவிக்க வேண்டும். அவசர உதவிக்கு 1098 என்னும் எண்ணை அழைக்கலாம். இலவச சட்ட உதவியை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அளிக்கிறது.

நான்காவது, விடுப்பு. தண்டனைக் கைதி விடுப்புக் கோரும்போது நன்னடத்தை அலுவலர் ஊரில் விசாரிப்பதுண்டு. அப்பொழுது பகைமை பாராட்டாமலும், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் அச்சத்தை மறைக்காமலும் உள்ளதை உள்ளவாறு கூறுவது நம் கடமை.

அச்சிறுமிக்கு மறுமாதம் ஊராட்சிச் செயலர் முன்னேற்பாடு செய்து கொடுத்தார். தடுப்புக்கு இப்பால் நின்று, தன் மதிப்பெண் அட்டையை அவள் தந்தைக்குக் காட்டினாள். இப்பொழுது ஒழுங்காகப் பள்ளி செல்கிறாள்.

தண்டனை முடிந்ததும் அவர் திரும்ப வேண்டிய இடம் நம் ஊரே. அன்று அவரை ‘அப்பா’ என்று அழைக்க ஒரு பிள்ளை இருப்பின், அவர் மீண்டும் தவறான வழியில் செல்லத் தயங்குவார். அப்பிள்ளையைக் காப்பது ஊருக்கும் காப்பாகும்.