ஓடும் வாயுவில் நட்சத்திரம் பிறக்குமா?

நம் பால்வீதியின் நடுவே நட்சத்திரங்களும் வாயுவும் சேர்ந்த நீண்ட பட்டை ஒன்று இருக்கிறது. அதன் இரு முனைகளையொட்டிச் சுருள் கைகள் வளைந்து போகின்றன. இத்தகைய பட்டையுள்ள நட்சத்திர மண்டலங்கள் பலவற்றில் ஒரு புதிர் உண்டு: பட்டைக்குள் வாயு இருந்தும் அங்கே புது நட்சத்திரங்கள் அரிது.

நட்சத்திரம் பிறக்கக் குளிர் வேண்டும். மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்த ஹைட்ரஜன் மேகம், தன் ஈர்ப்பாலேயே உள்ளே சரியத் தொடங்கும். மிச்சமிருக்கும் வெப்பம், வாயுவின் கொந்தளிப்பு, காந்தப்புலம் மூன்றும் அதைத் தடுக்கும். வெப்பத்தின் கணக்கை இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902இல் போட்டுவிட்டார். மற்ற இரண்டையும் கையில் எடுத்தவர் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். பிறந்தது லாகூரில் என்றாலும் பூர்வீகம் நம் தஞ்சை மாவட்டம்தான்.

1951இல் அவர் கொந்தளிப்பைக் கணக்கில் சேர்த்தார். 1953இல் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியோடு காந்தப்புலத்துக்கு வந்தார். தூசியைக் கடந்து வரும் நட்சத்திர ஒளியின் அதிர்வுத் திசை எவ்வளவு சிதறியிருக்கிறது என்று பார்த்தே சுருள் கையின் காந்தப்புலத்தை இருவரும் மதிப்பிட்டார்கள். பூமியின் காந்தத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிது அது. வெண்குறுமீன்களின் நிறைக்கு வகுத்த எல்லைக்காகச் சந்திரசேகரைக் கொண்டாடுகிறோம். இந்த வேலையும் அதற்கு இணையானது என்றே நினைக்கிறேன்.

இனிப் பட்டைக்கு வருவோம். அங்கே வாயு நீளவாக்கில் பாய்கிறது. அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் உரசுவதால் மேகங்கள் திரளுமுன்னே கிழிபடுகின்றன. கல்லணைக் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் அதில் நாற்று நட முடியுமா? மடை வழியே வந்து வரப்புக்குள் நின்றால்தான் பயிர். பட்டையில் வாயு வேகம் குறைந்து சேரும் இடம் முனைகள். சுருள் கையின் வாயுவும் அங்கே வந்து மோதும். பால்வீதியில் டபிள்யூ 43 என்னும் மாபெரும் பிறப்பிடம் அப்படியொரு முனையருகில் இருக்கிறது. சுமார் 6 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 1300 என்னும் மண்டலத்தின் ஹப்பிள் தொலைநோக்கிப் படத்தைப் பாருங்கள்: பட்டை நெடுகக் கருந்தூசிக் கோடுகள், முனைகளுக்கு அப்பால் நீல இளந்திரள்கள்.

பட்டை வழியே உள்ளே இறங்கும் வாயு நடுவில் வளையமாகச் சேர்கிறது. என்ஜிசி 1097 என்னும் மண்டலத்தில் அந்த வளையம் புது நட்சத்திரங்களால் ஜொலிக்கிறது. பால்வீதியின் நடுவிலோ, குவிந்திருக்கும் வாயுவுக்கு எதிர்பார்க்கும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நட்சத்திரங்களே பிறக்கின்றன. கொந்தளிப்பும் காந்தப்புலமும் அங்கே மிக வலுவானவை. எது எவ்வளவு தடுக்கிறது என்ற விவாதம் முடியவில்லை. காந்தப்புலத்தை மதிப்பிட இன்றும் சந்திரசேகர்-ஃபெர்மி முறையைக் கையாள்கிறார்கள்.