அக்காவுக்கு சினோபார்ம், எனக்கு கோவிஷீல்டு

2021இல், கொரோனா தடுப்பூசி போட்ட நேரத்தில், கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து அக்கா போனில் கேட்டாள்: "எங்களுக்கு சினோபார்ம் போட்டாச்சு. உங்க ஊர்ல அது ஏன் இல்ல தம்பி?" கொச்சி மட்டாஞ்சேரியில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு எல்லா மருந்தும் அத்துபடி என்பது அவள் நினைப்பு. காரணம் இதுதான்: ஒரு நாட்டின் அனுமதி பக்கத்து நாட்டில் செல்லாது. சினோபார்முக்கு இலங்கை சரி சொன்னது, இந்தியா சொல்லவில்லை.

இங்கே புது மருந்தென்றால் டெல்லியில் இருக்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு பார்க்க வேண்டும். அதன் நிபுணர் குழு, வெளிநாட்டு மருந்தைப் பொதுவாக நம் நோயாளிகளிடமும் சோதித்துக் காட்டச் சொல்லும். தயாரிப்பு உரிமம் மாநிலத்திடம், விலை இன்னொரு அலுவலகத்திடம். இலங்கையில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த ஒரே அதிகார சபைதான் பதிவு, விலை இரண்டையும் கவனிக்கிறது. அங்கே மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி, அதிலும் இந்தியச் சரக்கே அதிகம். எல்லாவற்றையும் தன் மக்களிடம் சோதித்துப் பார்க்க அந்தச் சின்ன நாட்டுக்குக் கட்டாது. மற்ற நாடுகளின் முடிவையும் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

வினை வருவது குறுக்குவழியில். இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு வந்ததும், பதிவில்லாமலே இறக்குமதி செய்ய விலக்கு கொடுத்தார்கள். அந்த வழியில் போலி ஆவணங்களோடு தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து நுழைந்ததாக வழக்கு. 2024 பிப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார்.

நாமும் மார்தட்ட முடியாது. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை 33 புது மருந்துகள் இந்திய நோயாளிகளிடம் சோதிக்கப்படாமலே அனுமதி பெற்றதை நாடாளுமன்ற நிலைக்குழு 2012இல் அம்பலப்படுத்தியது. இப்போது சில மருந்துகளுக்கு அப்படி விலக்கு தருவதே விதியாகிவிட்டது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த சில வகை மருந்துகளுக்கு உள்ளூர்ச் சோதனை வேண்டாம் என்று 2024 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. அரிய நோய் மருந்து, மரபணு சிகிச்சை போன்றவை அதில் அடக்கம். பிழைக்க வேறு வழியில்லாத நோயாளிக்கு இது நல்லதுதான். ஆனால் அந்த மருந்து நம் உடம்புக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்பது விற்பனைக்கு வந்த பிறகே தெரியவரும்.

அதனால் புது மருந்து வாங்கினால் பில்லையும், பேட்ச் நம்பர் இருக்கும் அட்டையையும் பத்திரமாக வையுங்கள். உடம்பில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் முதலில் டாக்டரிடம் ஓடுங்கள். பிறகு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பக்கவிளைவைச் சொல்ல டாக்டராக இருக்க வேண்டியதில்லை, நோயாளியே சொல்லலாம்.