சுறா நீங்கிய கடல்

ஆறு மீட்டர் வரை நீண்டு, இரண்டு டன் எடையை எட்டக்கூடிய பெருவெள்ளைச் சுறா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, கலிபோர்னியா முதலிய பகுதிகளின் குளிர்ந்த கரைக்கடல்களில் மிகுதியாக வாழ்வதாயினும், இந்தியப் பெருங்கடலுக்கு அந்நியமானதன்று. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்கக் கரையில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட ஒரு பெண் சுறா, ஏறத்தாழ 11,000 கிலோமீட்டரை 99 நாள்களில் நீந்தி மேற்கு ஆஸ்திரேலியாவை அடைந்ததோடு, ஒன்பது மாதங்களுக்குள் புறப்பட்ட இடத்திற்கே திரும்பியும் வந்தது. செவுள்களில் குளிர்ந்து வரும் இரத்தமும் தசைகளில் சூடேறிய இரத்தமும் மெல்லிய குழல்களில் அருகருகே எதிரெதிராக ஓடுவதால், உடல் உண்டாக்கும் வெப்பம் நீரில் கலந்து வீணாகாமல் உள்ளேயே தங்குகிறது. மூளையும் தசையும் இரைப்பையும் சுற்றியுள்ள நீரைவிட வெதுவெதுப்பாக இருப்பதால்தான் இம்மீன் குளிர்நீரிலும் விரைந்து வேட்டையாட முடிகிறது.

முழு வளர்ச்சி பெற்றபின் வேறு விலங்குக்கு அரிதாகவே இரையாகும் இத்தகைய உயிரினத்தை உச்சக் கொன்றுண்ணி என்பர். அது நீங்கினால் என்ன நிகழும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் ஃபால்ஸ் விரிகுடா காட்டியிருக்கிறது. அங்கு கடல்நாய்களை வேட்டையாடி வந்த வெள்ளைச் சுறாக்கள் கடந்த பத்தாண்டில் ஏறத்தாழ முற்றிலும் மறைந்தன. ஓர்க்கா திமிங்கிலங்களின் தாக்குதல் காரணமா, மனிதரின் மீன்பிடிப்பும் வலைகளும் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. விளைவில் ஐயமில்லை. கடல்நாய்களும் ஏழு செவுள் சுறாக்களும் பெருகின. கடல்நாய்கள் உண்ணும் மீன்களும், ஏழு செவுள் சுறாக்களுக்கு இரையாகும் சிறு சுறாக்களும் குறைந்தன.

கொல்லப்படும் இரையின் எண்ணிக்கையைவிட, கொல்லப்படலாம் என்னும் அச்சமே பல நேரங்களில் பெரிய விளைவை உண்டாக்குகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் சிறுத்தையும் செந்நாயும் உலவுவதால் புள்ளிமான்கள் ஓரிடத்திலேயே நின்று மேய்ந்துவிடாததைப் போல, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் புலிச்சுறாக்கள் மிகும் பருவத்தில் கடற்பசுக்கள் செழித்த கடற்புல் பரப்புகளை விட்டு, ஆபத்துக் குறைந்த இடங்களுக்கு விலகிச் செல்கின்றன. கடற்புல் அதனால் மீண்டும் வளர இடைவெளி பெறுகிறது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது மிகுந்த வரவேற்புக்குரியது. ஆனால் மேயும் விலங்கையும் புல்லையும் காப்பதோடு நின்றுவிடாமல், அதே நீரில் உலவிய சுறாக்களையும் கணக்கில் கொண்டால்தான் அக்காப்பு முழுமை பெறும்.

தமிழ்க் கடற்கரையோடு பெயராலேயே பிணைந்த ஒரு சுறாவின் கதை இன்னும் வருத்தம் தருவது. புதுச்சேரியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1839-இல் அறிவியலுக்கு அறிமுகமான புதுச்சேரிச் சுறா, ஏறத்தாழ ஒரு மீட்டரே வளரும் சிறு மீன். உலக அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து இருபதுக்கும் குறைவான மாதிரிகளே உள்ள இவ்வினத்தின் உறுதியான கடைசிப் பதிவு 1979-ஆம் ஆண்டுக்குரியது. இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கும் யானைக்கும் உரிய உச்சப் பாதுகாப்பில், 2001-இல் இது சேர்க்கப்பட்டது. திமிங்கிலச் சுறாவைப் போன்ற பேருருவை வலையில் கண்டவுடனே அடையாளம் காணலாம். புதுச்சேரிச் சுறாவோ பிற சாம்பல்நிறச் சிறு சுறாக்களிடமிருந்து பல்லின் வடிவத்தையும் துடுப்பின் கருநுனியையும் உற்று நோக்கியே பிரித்தறியத்தக்கது. விசைப்படகின் மடியில் குவியலாக ஏறி, கரை சேருமுன்பே இறந்துவிடும் மீனுக்கு அட்டவணையால் ஆகக்கூடியது சொற்பம்.

சுறாக்களின் வீழ்ச்சிக்கு அவற்றின் மெதுவான இனப்பெருக்கமே அடிப்படை. வடமேற்கு அட்லாண்டிக்கின் பெண் வெள்ளைச் சுறா முப்பது வயதைக் கடந்த பின்னரே பருவமெய்துகிறது என்று கணிக்கப்பட்டுள்ளது. தமிழகச் சந்தைகளில் புட்டுக்காக வாங்கப்படும் பால்சுறாகூட ஓராண்டு அளவு கருச்சுமந்து ஒருசில குட்டிகளையே ஈனும். ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மத்தியோடு இதனை ஒரே அளவுகோலால் அளப்பது பெரும் பிழை. திறந்த கடலின் சுறாக்களும் திருக்கைகளும் 1970-க்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் 71 விழுக்காடு குறைந்தன என்று 2021-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது.

சுறாத் துடுப்பு ஏற்றுமதியை இந்தியா 2015-இல் தடை செய்தது. எனினும் இறைச்சிக்கான தேவை உள்நாட்டிலேயே இருப்பதாலும், கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் போன்றோர் ஆழ்கடலில் சுறா பிடிக்கும் அருந்திறனைத் தலைமுறைகளாக வாழ்வாதாரமாகக் கொண்டிருப்பதாலும், வணிகத் தடை மட்டும் போதாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடை, மீன்களின் இனப்பெருக்கக் காலத்தை எண்ணி அமைந்தது. ஓராண்டு கருச்சுமக்கும் சுறாவுக்கு எஞ்சிய பத்து மாதங்களிலும் காப்பு வேண்டும். குட்டிகள் கூடி வளரும் ஆழமற்ற கரையோர நீர்ப்பரப்புகளை மீனவர்களின் அறிவைத் துணைக்கொண்டு கண்டறிந்து, அங்கு ஆண்டு முழுவதும் இழுவை மடியை விலக்குவதே அதற்குரிய நேரான வழியாகும்.