முருகைக்கல்லும் சுண்ணாம்பும்: எமது பழைய ஆலயங்களைப் பேணுவது எப்படி?

திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன் ஆலயத்துக்கு வெள்ளையடிப்பது எமது பங்குகளில் நெடுங்கால வழக்கம். ஒவ்வொரு வட்டாரமும் முறைவைத்து வந்து, நீற்றிய சுண்ணாம்பைப் பீப்பாவில் கரைத்து, தும்புக்கட்டையால் பூசி முடிப்பார்கள். இப்போது பல இடங்களில் இந்த வேலை இல்லை. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஊர் மக்கள் அனுப்பும் பணத்தில் சுவருக்குச் சீமெந்து பூசப்படுகின்றது. அதன்மேல் பளபளக்கும் பெயின்ற் ஏறுகின்றது. நிலத்துக்கு மாபிள் பதிக்கப்படுகின்றது. கொடுப்பவர்களின் அன்பில் குறை இல்லை. ஆயினும் இரண்டு மாரி கழிந்ததும் அதே சுவர் அடியிலிருந்து இடுப்பளவுக்கு ஊறி, உப்புப் பூத்து, பூச்சுத் தகடு தகடாக விழுவதைக் காண்கின்றோம். மேசன் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு எழுகின்றது. பெரும்பாலும் பிழை மேசனுடையது அல்ல. அந்தச் சுவர் எதனால் ஆனது என்பதை நாம் கேட்டறியாததே பிழை.

அதை அறிய விரும்புவோர் ஒருமுறை சங்கானைக்குப் போய்ப் பார்க்கலாம். போர்த்துக்கேயர் காலத்து ஆலயம் ஒன்று அங்கே கூரையின்றி நிற்கின்றது. பூச்சு உதிர்ந்து போனதால் எலும்புக்கூடு போல எல்லாம் வெளியே தெரிகின்றது. சுவர் முழுவதும் முருகைக்கல். கடலில் வளர்ந்த பவளப் பாறையை வெட்டி எடுத்த கல் அது. உற்றுப் பார்த்தால் தேன்கூடு போன்ற சிறு துளைகளைக் காணலாம். புதிதாக வெட்டியபோது கத்தியால் செதுக்கக்கூடிய மென்மை. காற்றுப்பட்ட பின் இறுக்கம். பாரமும் குறைவு. மக்கள் நிற்கும் நடுப்பகுதிக்கு மரக் கூரை இருந்தது, அது போய்விட்டது. பீடம் இருந்த பகுதிக்கோ மாட்டுவண்டிக் கூடாரம் போல வளைந்த கல்முகடு. இரண்டுக்கும் இடையில் அரைவட்ட வளைவு ஒன்று.

அந்த வளைவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் மரத்தால் ஒரு சாரம் அமைத்து, இரு பக்கத்திலிருந்தும் ஆப்பு வடிவான கற்களை அடுக்கி வருவார்கள். உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கியதும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு எல்லாக் கற்களும் தாமாகவே நிற்கும், சாரத்தைக் கழற்றிவிடலாம். இரும்புக் கம்பி தேவையில்லை. ஆனால் வளைவின் பாரம் நேரே கீழே இறங்குவதில்லை. இரு புறமும் வெளியே தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளலைத் தாங்கவே பக்கச் சுவர்கள் அத்தனை தடிப்பாகக் கட்டப்பட்டன. பழைய ஆலயங்களில் காற்று வருவதற்கென்று பீட வளைவை அண்டிய சுவரில் புதிய யன்னல் உடைப்பவர்கள் இதை நினைவில் வைத்தல் நன்று. கதவை அடைத்துச் சாத்தும் தோளை வெட்டுவதற்கு ஒப்பான செயல் அது.

1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த பின் குடாநாடெங்கும் இத்தகைய ஆலயங்கள் எழுந்தன. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியபோது அவை அவர்களின் சீர்திருத்த சபைக்குப் போயின. அக்காலத்தில் இங்கே பணியாற்றிய ஒல்லாந்தப் போதகர் பல்தேயஸ், 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட தமது நூலில் தெல்லிப்பளை, சங்கானை, வட்டுக்கோட்டை முதலிய பல ஊர்களின் ஆலயங்களைப் படமாகத் தந்துள்ளார். சிலவற்றை 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் இடிந்த சுவர்களாகப் பெற்றுத் திருத்திப் பயன்படுத்தினர். வட்டுக்கோட்டையில் இன்று தென்னிந்திய திருச்சபையின் பேராலயமாக விளங்குவது அவ்வாறு வந்ததே. ஒரே சுவருக்குள் மூன்று சபைகளின் செபம் ஒலித்திருக்கின்றது.

கத்தோலிக்கருக்கோ ஒல்லாந்தர் காலத்தின் பெரும்பகுதியில் வெளிப்படையான ஆலயம் இல்லை. குருமார் தங்குவதும் அவர்களுக்கு இடம் கொடுப்பதும் தடுக்கப்பட்டிருந்தன. 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சில்லாலையில் தங்கிப் பணிசெய்த யோசேவ் வாஸ் அடிகளாருக்கு, திருப்பலிக்குரிய பாத்திரமும் உடையும் மூட்டைக்குள் இருந்தன; கோவில் என்பது யாரோ ஒருவரின் வீட்டுத் திண்ணை. 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கிய பின் தடையின்றிக் கட்டுவதற்கு வழி திறந்தது. 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கைக்கு வந்தனர். அதற்குப் பிந்திய காலத்தில் எழுந்தவையே இன்று நாம் பழைய கோவில் என்று சொல்லும் பங்கு ஆலயங்களில் பல.

இவற்றின் முகப்புகள் ஐரோப்பாவை நினைவூட்டலாம். உடம்பு எமது மண்ணுக்குரியது. சுவருக்கு முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும், இணைக்கச் சுண்ணாம்புச் சாந்து, கூரைக்குப் பனை. கோப்பிசத்தில் ஏறிய பனஞ் சலாகைகள் நன்கு முற்றிய மரத்தின் கரிய வைரத்திலிருந்து அறுக்கப்பட்டவை. அவற்றைக் கறையான் இலேசில் தொடாது. இன்று கூரை திருத்தும்போது வைரம் பாயாத இளம் பனையைச் சலாகையாக்கிவிட்டு, பனை முன்போல் உழைப்பதில்லை என்று குறைப்படுகின்றோம். பனை என்ன செய்யும்?

இனிச் சுண்ணாம்புக்கு வருவோம். கல்லையோ சிப்பியையோ சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு குழைப்பது சுண்ணாம்புச் சாந்து. தமிழ்க் கொத்தர்கள் அதில் பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய்ச் சாறும் சேர்ப்பதுண்டு. இது சீமெந்தைப் போல ஒரே நாளில் இறுகாது. காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகும். இதன் முக்கிய குணம், ஈரத்தை வெளியே விடுவது. எமது பழைய சுவர்களுக்குக் கீழே ஈரம் தடுக்கும் படை கிடையாது. நிலத்து நீர் சுவரில் ஏறும். ஏறிய நீர் சுண்ணாம்புப் பூச்சினூடாகக் காற்றில் ஆறிவிடும். நீரோடு வந்த உப்புப் பூச்சில் தங்கும். சில வருடங்களுக்கொருமுறை பூச்சை உரித்துப் புதிதாகப் பூசினால் உப்பும் அதோடு போய்விடும். பூச்சுத்தான் கெட வேண்டும், கல் கெடக்கூடாது. முன்னோர் கண்ட ஏற்பாடு இதுவே.

சீமெந்துப் பூச்சு இந்த வழியை அடைத்துவிடுகின்றது. வெளியேற முடியாத ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்புப் பூச்சுக்குப் பின்னால் கல்லின் துளைகளுக்குள்ளேயே உறைந்து, விரிந்து, கல்லை மாவாக்கும். நிலத்துக்கு மாபிள் பதித்தாலும் இதே கதை: நிலத்தினூடாக ஆறிய ஈரமும் சுவரைத் தேடிப் போகும். காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990இல் போரினால் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை எமது சுண்ணக்கல்லையே சுட்டுச் சீமெந்தாக்கியது. அக்காலத்தில் வாசலில் கிடைத்த பொருளாதலால் எல்லாவற்றுக்கும் அதையே பூசப் பழகிவிட்டோம். புதிய கட்டிடத்துக்குச் சீமெந்து நல்லது. முருகைக்கல் சுவருக்கு அது நோய்.

எனவே பழைய சுவரைத் திருத்த முனையும் பங்குச் சபைகள் முதலில் கூரை ஒழுக்கையும் பீலியையும் பார்க்க வேண்டும். சுவரடியில் மழைநீர் தேங்காதபடி வாய்க்கால் வெட்டுதல் பாதி வைத்தியம். அடுத்து சீமெந்துப் பூச்சைக் கல்லுக்குச் சேதமில்லாமல் உரித்துச் சுவரை ஆறவிட வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு அடிச் சுவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதைத் திருவிழாத் திகதியைப் பார்த்து அவசரப்படுபவர்கள் எண்ணிக்கொள்ளட்டும். பின்பு நன்கு நீற்றி வைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு எனக் குழைத்து மெல்லிய படைகளாகப் பூசலாம். கடல் மணல் ஆகாது. பூசியதைச் சில நாட்கள் ஈரச் சாக்கால் மூடி வெயிலிலிருந்து காக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். சிறுவரை அருகில் விடாதீர்கள், கண்களைக் காத்துக்கொள்ளுங்கள். முருகைக்கல் தேவைப்பட்டால் இடிந்த பழைய சுவர்களின் கல்லையே எடுக்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது குற்றம், அது நியாயமானதும்கூட.

சுவரைப் பற்றி இவ்வளவு சொன்ன பின் உள்ளே இருப்பவற்றை மறக்க முடியாது. சுரூபக் கூடுகளோடு கூடிய மரப் பீடம், நற்கருணைப் பேழை, பிரசங்கத் தொட்டி, நன்மை வாங்கும் கிராதி, ஞானஸ்நானத் தொட்டி, பெரிய வெள்ளிக்கு எடுக்கும் ஆசந்தி ஆகியவற்றில் எமது தச்சர்களின் கை இருக்கின்றது. இது புதிய கதை அல்ல. போர்த்துக்கேயர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் புகழ்பெற்ற அற்புத மாதாவின் மரச் சுரூபம் 1614இல் அன்னக்குட்டி என்ற உள்ளூர்க் கலைஞரால் செதுக்கப்பட்டது. கோட்டையே அந்த மாதாவின் பெயரைத் தாங்கியது. 1706இல் ஒல்லாந்தர் கோட்டைக்குள் கட்டிய சிலுவை வடிவ ஆலயத்தில் தொங்கிய மணியொன்றில் அற்புத மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் இருந்தன. அந்த ஆலயம் போரில் தரைமட்டமாயிற்று.

போர் எமது ஆலயங்களிடம் வாங்கியது கொஞ்சமல்ல. 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் ஆலயமும், 1995 யூலை 9இல் நவாலி புனித பேதுரு பாவிலு ஆலயமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. நவாலியில் அடைக்கலம் தேடி வந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த உயிர்களுக்கு முன் கல்லும் மரமும் பெரிதல்ல. ஆனாலும் குண்டுக்குத் தப்பியதை நாமே அழிப்பதற்கு என்ன காரணம் சொல்வது? கரையோரக் கிராமம் ஒன்றில் பழைய பக்கப் பீடத்தின் சித்திர வேலைப் பலகைகள் கோழிக்கூட்டுக்கு மறைப்பாக அடிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். சங்கச் சட்டப்படி பீடம் மாற்ற வேண்டியிருந்தது என்று விளக்கம் கிடைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்களை நோக்கிய பீடத்துக்கு வழி திறந்தது உண்மை. ஆனால் 1963இல் வெளிவந்த அதன் திருவழிபாட்டுச் சாசனமே, பெறுமதியுள்ள திருப்பொருட்கள் கைவிடப்படவோ சிதறவோ கூடாதென 126ஆம் பிரிவில் ஆயர்களுக்குப் பணிக்கின்றது. புதிய பீடத்தை முன்னே அமைத்துவிட்டுப் பழையதை அதன் இடத்திலேயே விடலாம். பல பங்குகள் அப்படிச் செய்தும் இருக்கின்றன.

அரச சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டிடங்களையே பழம் நினைவுச்சின்னமாகக் கொள்கின்றது. எமது பங்கு ஆலயங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. ஆகவே பங்குச் சபையே ஒரு கொப்பியை வாங்கி, திருப்பண்ட அறையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பொருளாக எழுதலாம்: பெயர், அளவு, எந்த மரம் அல்லது உலோகம், யார் கொடுத்தது, எந்த ஆண்டு, இப்போது என்ன நிலை. இளைஞர் மன்றத்தினர் படம் எடுத்து எண் இடலாம். பழைய வரலாறு தெரிந்த முதியவர்களைக் கதிரை போட்டு அருகில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரு பிரதி ஆயர் இல்லத்தில் இருக்கட்டும். மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஏறுபவர்கள் மணியின் எழுத்துக்களை வெறும் கண்ணால் வாசிக்கச் சிரமப்பட்டால், கடதாசியை வைத்துப் பென்சிலால் மேலோட்டமாகத் தேய்த்து எடுக்கலாம்.